ஒரு ரஷ்யப் பொடியனுக்குக் கொடுத்த பூசை

பஸ்ரியனை ரொறன்ரோவில் டோர்செட் பார்க் தமிழரில் பாதிப்பேர் "மொஸ்கோ பஸ்ரியன்" என்றுதான் சொல்வார்கள். மனுசன் மொஸ்கோவில் படித்தவரல்ல. படித்தது வரோனிஷ் என்கிற ஊரில், உழவு இயந்திரங்களைப் பற்றிய படிப்பு. ஆனால் வரோனிஷ் என்று சொன்னால் அது எங்கே கிடக்கிறது என்று கேட்பார்கள். அவர் விளக்கி முடிப்பதற்குள் கலியாண வீட்டில் பந்தி முடிந்து ஆட்கள் கை கழுவிவிடுவார்கள். திருத்தித் திருத்திக் களைத்துப்போய் அவரும் மொஸ்கோவுக்கு ஒத்துக்கொண்டார்.

பிறந்தது மன்னாரில், பேசாலையில். எண்பதுகளில் புலமைப்பரிசில் கிடைத்துச் சோவியத் நாட்டுக்குப் போனவர், படிப்பு முடிந்தபோது ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் சண்டை நடந்துகொண்டிருந்தது. அங்கேயும் நாடு உடைந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்றவர் எப்படியோ கனடாவுக்கு வந்து சேர்ந்தார். உழவு இயந்திரம் படித்த மனுசன் இங்கே ஓட்டியது பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் சாமான் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ற். முதுகு கெட்டு வேலையை விடும்வரைக்கும் அதைத்தான் ஓட்டினார். ரஷ்ய மொழி அவருக்குள் சும்மா கிடந்தது. எப்போதாவது ரஷ்ய லொறிக்காரன் எவனாவது லோட் இறக்க வந்தால் பஸ்ரியனின் முகம் மலரும். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள். லொறி போனபிறகு அந்தச் சிரிப்பையும் மடித்து வைத்துவிடுவார்.

பிறகு உக்ரைன் சண்டை வந்தது. முதுகு நோவோடு வீட்டில் இருந்தவர் ரஷ்யச் செய்திகளை வாசிக்கத் தொடங்கினார். அரச தொலைக்காட்சியில் எல்லாமே வெற்றி. நாட்டை விட்டு ஓடிவந்து வெளியூர்களில் இருந்து எழுதுகிற பத்திரிகையாளர்கள் சிலர் வேறு கதை சொன்னார்கள். அவர்களில் ஒரு சின்னக் கூட்டம் லத்வியா நாட்டு ரீகா நகரத்தில் இருந்து ஓர் இணையத்தளம் நடத்தியது. தங்கள் கட்டுரைகளைப் பிறநாட்டவர் வாசிக்க ஆங்கிலத்தில் ஆக்கித்தர ஆள் தேவையென்று கேட்டிருந்தார்கள். பஸ்ரியன் எழுதிப்போட்டார். அவருடைய ஆங்கிலம் வெயர்ஹவுஸ் ஆங்கிலம்தான், அதை அவர்களே செப்பனிடுவார்கள். ஆனால் ரஷ்யக் கிராமத்துச் சனம் எப்படிப் பேசும், எதைச் சொல்லாமல் விடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. படிக்கிற காலத்தில் கோடை விடுமுறை முழுக்க அவர்களோடு வயலில் நின்றவர் அல்லவா?

மனைவி யூஜினி ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவள். காலையில் அவள் பஸ் பிடிக்கப் போனதும் பஸ்ரியன் தேநீர்க் கோப்பையோடு கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்துவிடுவார். காதில் ஹெட்போன். அவருக்கென்று ஒரு பழக்கம் இருந்தது: பேசியவரின் குரலைக் கேட்காமல் ஒரு வரியும் மொழிபெயர்க்க அவருக்கு மனம் வராது. எழுத்தில் இருப்பது எலும்பு என்பார், குரலில்தான் சதை இருக்கிறதாம். ரீகாவில் இருந்த ஆசிரியர் வேராவுக்கு இது பெரிய தலையிடி. கட்டுரைகளில் பேசுகிறவர்களின் பெயர், ஊர் எல்லாம் மாற்றித்தான் வெளியிடுவார்கள். அந்தத் தளத்தோடு பேசியது தெரிந்தால் ரஷ்யாவில் வழக்கு வரும். ஒலிப்பதிவிலோ உண்மைப் பெயர்கள் இருக்கும். அவற்றை வெளியே கொடுப்பதில்லை என்பது அவர்கள் சட்டம். பஸ்ரியன் விடாமல் நச்சரிக்க, முதல் சில மாதம் ஒழுங்காக வேலை செய்த மனுசன் என்று நம்பி, வேரா அவருக்கு மட்டும் ஒலிப்பதிவை அனுப்பத் தொடங்கினாள்.

நம்பிக்கைக்கு அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. யூஜினியிடம்கூட ஒரு பெயர் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஆட்கள் சீண்டுவார்கள்.

"அண்ணை, நீங்கள் இப்ப ரஷ்யாவின்ர பக்கமோ, உக்ரைன்ர பக்கமோ?"

"நான் செத்தவீட்டுக்காரரின்ர பக்கம்," என்பார். அதற்குமேல் வாய் திறக்க மாட்டார். தன்னுடைய பெயரை மட்டும் மறைக்கவில்லை. புனைபெயர் போடுவோமா என்று வேரா கேட்டபோது, "ரொறன்ரோவில இருக்கிற எனக்கு ஆர் என்ன செய்யிறது?" என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் அவருடைய முழுப்பெயர் இருந்தது. அதைப் பார்ப்பதில் மனுசனுக்கு ஒரு பெருமையும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஃபோர்க்லிஃப்றில் யார் பெயர் எழுதுகிறார்கள்?

அப்படி இருக்கும்போதுதான் ராயிசாவின் குரல் வந்தது. ராயிசா ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிற பெண். மகன் யெகோர் சண்டைக்குப் போனவன், தகவல் இல்லை. படைப்பிரிவைக் கேட்டால் அவன் தானாகப் படையை விட்டு ஓடிவிட்டான் என்றார்கள். கூட இருந்த பையன் ஒருவன், அவன் காட்டோரத்தில் விழுந்ததைக் கண்டேன் என்றான். உடல் இல்லை, சான்றிதழ் இல்லை. கட்டுரையில் ராயிசாவை நீனா என்றும் யெகோரை வேறொரு பெயரிலும் எழுதியிருந்தார்கள். ஒலிப்பதிவில் அவள் அழவேயில்லை. சமைத்த கணக்குச் சொல்வதைப் போலச் சொல்லிக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நின்றாள்.

"எங்கள் கோயிலில் இரண்டு தாள் வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயரை ஒன்றில் எழுதிக் கொடுக்கலாம், இறந்தவர்களின் பெயரை மற்றதில். ஓடிப்போனவன் என்று படை சொல்வதால் பாதிரியாருக்குப் பயம். என் மகனை இரண்டிலும் எழுத விடுகிறாரில்லை. அவனுக்காக யார் மன்றாடுவது?"

பஸ்ரியன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அழுதார். அறுபது வயது மனுசன், நடுப்பகலில், தனியாக இருந்து, மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதார். அவருக்கும் ஒரு தம்பி இருந்தான், இக்னேசியஸ். இவர் வரோனிஷில் இருந்தபோது அவன் காணாமல் போனான். கடலுக்குப் போனவன் என்று ஒரு கதை, கரையில் வைத்தே பிடித்துக்கொண்டு போனார்கள் என்று இன்னொரு கதை. தாய் கண்ணை மூடும்வரைக்கும் அவனை இறந்தவனாக ஒப்புக்கொள்ளவில்லை. வருடா வருடம் அவன் பிறந்தநாளுக்குச் சுகத்துக்காகப் பூசை கொடுப்பார். ஊருக்குப் புதிதாக வருகிற ஒவ்வொரு பங்குச் சாமியாரும் இறந்தவர்களுக்கான பூசையாகக் கொடுக்கும்படி பக்குவமாகச் சொல்லிப் பார்ப்பார்.

"என்ர வாயால என்ர பிள்ளையைச் சாகக் குடுக்கச் சொல்லுறியளோ சாமி?" என்று கேட்டு அவர்களின் வாயை அடைத்துவிடுவாராம். அப்படிக் காத்துக் காத்தே அந்த மனுசி உருகிப்போனார். அந்தக் காத்திருப்பை பஸ்ரியன் ரெலிபோனில் கேட்டுக்கொண்டே இருந்தவர். தாயைக் கொன்றது அதுதான் என்று உறுதியாக நம்பினார்.

எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்கு மன்றாடுவது என்றால் பூசை கொடுப்பது. இறந்தவருக்கென்றால் ஆத்தும இளைப்பாற்றிக்கு, இருப்பவருக்கென்றால் சுகத்துக்கு. பூசைக் கருத்து என்று பெயரைக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை பூசை தொடங்கும்போது வாசிப்பார்கள். அந்த வாரத்துக் கோயில் மடலிலும் அச்சடித்து, இணையத்திலும் ஏற்றுவார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் பக்கத்திலேயே ஆங்கிலத்திலும் போடுவார்கள்.

பஸ்ரியன் கோயில் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். அங்கே மடல் தயாரிக்கிறவள் கிளடிஸ்.

"ஞாயிறு ஒரு பூசைக் கருத்துப் போட வேணும், கிளடிஸ். பேர் யெகோர்."

"யெகோரோ? அது ஆர் அண்ணை, உங்கட சொந்தமோ?"

"தெரிஞ்ச இடத்துப் பொடியன்."

"வெறும் யெகோர் எண்டு போட்டா ஆக்கள் எனக்கெல்லோ போன் அடிச்சு ஆர் எவரெண்டு கேப்பினம். தகப்பன் பேர், தாய் பேர், ஊர் சொல்லுங்கோ."

இந்த இடத்தில்தான் மனுசன் விழுந்தார். பெயர் காப்பதில் இரண்டு வருடம் கல்லாக இருந்தவர், கிளடிஸ் கேட்டதும் மளமளவென்று சொல்லிவிட்டார். நாங்கள் அப்படித்தான். மரண அறிவித்தலில் மாமன் மச்சான் சகலன்வரைக்கும் போட்டு, பிறந்த ஊரும் இருந்த ஊரும் எழுதாவிட்டால் செத்தவருக்கே மரியாதை இல்லையென்று நினைக்கிற சனம். இன்னாரின் மகன், இன்ன ஊரான் என்று சொல்லாத மன்றாட்டுக் கடவுளுக்கும் விளங்காது என்பது எங்கள் எண்ணம். கட்டுரை ஒரு உலகம், கோயில் வேறொரு உலகம் என்று அவருடைய மூளையில் இரண்டும் இரண்டு அறையில் இருந்தன. நடுவில் கதவு இருப்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

கிளடிஸ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கேட்டாள். "சுகத்துக்கோ அண்ணை, ஆத்துமத்துக்கோ?"

பஸ்ரியன் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். காட்டோரத்தில் விழுந்ததைக் கண்டேன் என்ற பையனை நினைத்தார். ஒன்றரை வருடம் தகவல் இல்லை. தன் தாயின் முகம் வந்தது. காத்திருப்பு என்ன செய்யும் என்று அறிந்தவன் ஒருவன் ராயிசாவின் சுமையை இறக்கிவைக்கட்டுமே என்று அவருக்குப் பட்டது.

"ஆத்துமத்துக்கு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பாதர் றொய்சன் நாக்கு இடற இடற அந்த ரஷ்யப் பெயர்களை வாசித்தார். கோயில் முழுக்க எழுந்து நின்றது. பஸ்ரியனுக்கு நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து யூஜினி வைத்த மீன் குழம்போடு வயிறாரச் சாப்பிட்டார். கனகாலத்துக்குப் பிறகு அப்படிச் சாப்பிட்டார் என்று அவளே சொன்னாள்.

கட்டுரை ஆங்கிலத்தில் வெளிவந்தது. வெளிநாடுகளில் நிறையப்பேர் வாசித்தார்கள். அப்படிப்பட்ட கட்டுரைகளில் பேசுகிறவர் யாரென்று மணந்து பிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கிற ஆட்கள் ரஷ்யாவில் இருக்கிறார்கள். நீனா யாரென்று தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பிறகு எவனோ மொழிபெயர்த்தவரின் பெயரைத் தேடினான். ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கோயிலின் மடல் வந்தது. யெகோரின் ஆத்தும இளைப்பாற்றிக்காக, இன்ன ஊர் ராயிசாவின் மகன், கேட்டவர் பஸ்ரியன், முழுப்பெயரோடு. எல்லாம் ஒரே வரியில், சுத்தமான ஆங்கிலத்தில். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துத் ராயிசாவின் ஊர் முழுக்கப் பரப்பினார்கள்.

வேரா வீடியோவில் கூப்பிட்டபோது அவள் முகம் வெளிறியிருந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது என்று பஸ்ரியன் பிறகு யூஜினியிடம் சொன்னார்.

"நீங்கள் இதைச் செய்தீர்களா?" என்று ரஷ்ய மொழியில் கேட்டாள்.

"ஓம்," என்றார். அந்த ஒரு சொல் தமிழில்தான் வந்தது.

ராயிசாவைப் பள்ளிக்கூடத்தில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு தரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், இனியும் கூப்பிடுவார்கள். அவளை எல்லை கடத்தி வெளியே கொண்டுவர வேராவின் ஆட்கள் ஏற்பாடு செய்தார்கள். அவள் வர மறுத்துவிட்டாள். மகன் வந்தால் வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்றாள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, பஸ்ரியனுக்கு ஒரு குரல் பதிவு வந்திருப்பதாக வேரா சொன்னாள். அனுப்புவதா என்று இரண்டு நாள் யோசித்தாளாம். அதற்குப் பிறகு அவருக்கு இந்த வேலை இல்லை என்றும் சொன்னாள். பஸ்ரியன் தலையாட்டினார்.

அவர் அதைத் தனியாகக் கேட்கவில்லை. யூஜினியைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு வசனமாக நிறுத்தித் தமிழில் சொன்னார். அவர் மொழிபெயர்த்த கடைசிப் பேச்சு அதுதான்.

"நீங்கள் நல்லவர் என்று வேரா சொல்கிறாள்," என்று ராயிசா தொடங்கினாள். "வேலை போனது போகட்டும். விசாரிக்க வருகிறவர்களும் வரட்டும். ஊரில் எல்லோரும் இப்போது எனக்கு அனுதாபம் சொல்கிறார்கள். யெகோரின் பெண்சாதி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டுக் கோயிலுக்கே தெரிந்துவிட்டது என்று அவனுடைய உடுப்புகளை யார் யாருக்கோ எடுத்துக் கொடுத்துவிட்டாள். இரண்டு தாளிலும் அவன் இல்லையென்று நான் முறையிட்டது உண்மை. ஆனால் நான் எந்தத் தாளில் எழுதப் போனேன் என்று நீங்கள் கேட்டீர்களா? உயிரோடு இருப்பவர்களின் தாளில்தான் எழுதப் போனேன். இறந்தவர்களோடு அவனைச் சேர்க்கச் சொல்லி உங்களிடம் யார் சொன்னது?"

பதிவு முடிந்தது. யூஜினி புருசனின் பக்கம் திரும்பினாள். இரக்கமுள்ள மனுசிதான். ஆனால் கோபம் வந்தால் வாயில் தடுப்பு இல்லை.

"உங்கட அம்மா இருந்திருந்தா உங்களைச் செருப்பால அடிச்சிருப்பா," என்றாள். "வேற ஆர் செய்தாலும் பரவாயில்லை. நீங்கள் செய்யலாமோ?"

பஸ்ரியன் கொம்பியூட்டரை அணைத்தார். அவருக்குத் தெரியும். ராயிசாவின் மகனுக்கென்று சொல்லி அவர் தன் தம்பியைத்தான் புதைத்தார். தாய் இருக்கும்வரைக்கும் செய்ய முடியாததை, வேறொரு தாயின் பிள்ளையின் பெயரில் செய்து, வீட்டுக்கு வந்து மீன் குழம்போடு சாப்பிட்டார். இதை நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

அடுத்தநாள் பாதர் றொய்சனைப் பார்க்கப் போனார். மடலை இணையத்தில் இருந்து ஏற்கெனவே எடுத்திருந்தார்கள்.

"நான் மடலைக் கேக்கேல்லை பாதர். பூசையைத் திருப்பி எடுக்கேலுமோ?"

பாதர் இளம் ஆள், இப்படி ஒரு கேள்வியை அவர் கண்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒப்புக்குடுத்த பூசையை எப்பிடி அண்ணை திருப்பி எடுக்கிறது? வேணுமெண்டால் அந்தப் பொடியன்ர சுகத்துக்கு இன்னொண்டு குடுப்பம்."

"பேர் சொல்லேலாது. ஊரும் சொல்லேலாது. தாயின்ர பேரும் ஏலாது. என்ர பேரும் வேண்டாம்."

"அப்ப எப்பிடி வாசிக்கிறது?"

இரண்டு பேரும் யோசித்து ஒரு வசனம் அமைத்தார்கள். அது மடலில் வராது, பாதரே வாசிப்பார். பஸ்ரியனுக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கவில்லை. ஆனால் வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. ராயிசாவுக்குச் சொல்லவும் இனி வழியில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாதர் றொய்சன் மற்றப் பெயர்களை எல்லாம் வாசித்து முடித்துவிட்டு, மெல்லிய குரலில் சொன்னார்: "ஒரு தாயின் காணாமல் போயிருக்கிற மகனுடைய சுகத்துக்காகவும், அவர் வீடு திரும்ப வேண்டும் என்றும் இந்தத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

பஸ்ரியன் முன்வரிசையில் நின்றபடியால் பின்னால் நடந்ததைக் காணவில்லை. யூஜினி கண்டாள். சேலைத் தலைப்பு கண்ணுக்குப் போனது ஒருவருக்கு இருவருக்கு அல்ல என்று பிறகு சொன்னாள். அந்தக் கோயிலில் மன்னார்ச் சனமும் இருக்கிறது, தீவுச் சனமும் இருக்கிறது, வன்னியில் கடைசிவரைக்கும் நின்று வந்த சனமும் இருக்கிறது. காணாமல் போன பிள்ளைக்கு அங்கே பஞ்சமில்லை.

பூசை முடிந்து வாசலுக்கு வந்தபோது ஒரு கிழவி வோக்கரைத் தள்ளிக்கொண்டு பஸ்ரியனுக்கு நேரே வந்தார். வேரோனிக்கா அன்ரி. அவருடைய மூத்த மகன் வன்னியில் சண்டை முடிந்த நாளில் கையை உயர்த்திக்கொண்டு ஆமியின் பஸ்ஸில் ஏறினவன், பிறகு ஒருவரும் காணவில்லை. கனகாலமாக வீட்டோடு இருந்தவரை அன்றைக்குப் பேத்தி கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"தம்பி பஸ்ரியன், அந்தப் பூசை ஆர் குடுத்ததெண்டு விசாரிச்சன். காணிக்கைப் புத்தகத்தைப் பாத்து நீரெண்டு கிளடிஸ் சொல்லிச்சுது." அவர் பஸ்ரியனின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது. "நீர் கொம்பியூட்டரில வெளிநாட்டுச் செய்தியெல்லாம் பாக்கிற ஆளாம். என்ர மோனைப் பற்றி ஏதும் அறிஞ்சனீரோ?"

பஸ்ரியன் அன்ரியின் பக்கம் குனிந்தார். ஆம் என்று சொல்ல முடியாது. அது ஒரு ரஷ்யப் பிள்ளைக்கு என்று சொல்லவும் முடியாது. சொன்னால் மறுபடியும் அதே பிழை.

"இல்லை அன்ரி," என்றார். "நான் ஒண்டும் அறியேல்லை."

அன்ரி அவரை அண்ணாந்து பார்த்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் உடனே போகவில்லை, மெல்ல மெல்லத்தான் போனது.

"அப்ப ஏன் தம்பி சுகத்துக்குக் குடுத்தனீர்?"

பஸ்ரியன் வாசலிலேயே நின்றார். மணிக்கட்டை விடுவிக்க மனம் வரவில்லை. பின்னால் வந்தவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு வெளியே போனார்கள். கடைசியில் யூஜினிதான் வந்து, அன்ரியின் கையை மெதுவாகக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டு, பேத்தியின் கார் நின்ற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.